வங்கியும் நாணயமும்: மலையக மக்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

நாணயம் என்னும் சொல் தமிழிலே இரு பொருள் தருவது. கையிற் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ஒருவனை நாணயமானவன் என்று ஊரார் கூறும்போது அவன் மடியிலுள்ள பணத்தை அவர்கள் கருதுவதில்லை. அவனை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்பதையே கருதுகின்றனர். ஆங்கிலம் முதலிய மேலை மொழிகளிலே கடன்வசதியைக் குறிக்க வழங்கும் சொல்லும் நம்புதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததேயாகும். பணம் என்பது அடிப்படையில் ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கை என்பதை இருவேறு மொழிக்குடும்பங்கள் தத்தம் வழியிலே கண்டுகொண்டுள்ளன. அந்நம்பிக்கையை நிறுவனமாக்கிய ஏற்பாடே வங்கி. ஆதலின் வங்கியொன்று ஒருவரை வாடிக்கையாளராக ஏற்கத் தயங்குமிடத்து அவருக்கு மறுக்கப்படுவது ஒரு சேவை மட்டுமன்று. அவர் நாணயமானவர் அல்லர் என்ற தீர்ப்பும் அங்கே சொல்லாமற் சொல்லப்படுகின்றது. அத்தீர்ப்பை வழங்கியவர் யார் என்று தேடப்புகின், பல வேளைகளில் எவரும் அகப்படுவதில்லை. பாகுபாடு காட்டியவர் எவருமின்றிப் பாகுபாடு நிகழ முடியுமா என்னும் வினா இங்குதான் எழுகின்றது.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய நகரங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே பலருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய நிலையொன்றை எடுத்துக்கொள்ளலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி அரைப்பேரை இழந்து நகரத்துக்கு வருகின்றாள். தன் பெயரிலே சேமிப்புக் கணக்கொன்றைத் தொடங்க வேண்டுமென்பது அவளது நோக்கம். வரிசையில் நின்று கருமபீடத்தை அடைந்ததும் தேசிய அடையாள அட்டை கேட்கப்படுகின்றது. அட்டை உண்டு, ஆனால் அதிலுள்ள பெயருக்கும் பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயருக்கும் இடையே ஓரெழுத்து வேறுபடுகின்றது. பின்னர் முகவரிக்குச் சான்று கேட்கப்படுகின்றது. லயத்துக் காம்பராவுக்குத் தனியான முகவரி கிடையாது; தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே உண்டு. நீட்டப்படும் படிவம் அவளுக்குத் தெரியாத மொழியில் அச்சிடப்பட்டிருக்கின்றது. கருமபீடத்துக்கு அப்பால் இருக்கும் இளைஞருக்கு அவளது மொழி தெரியாது. அவர் கடிந்து பேசவில்லை; ஏளனம் செய்யவுமில்லை. யாராவது தெரிந்தவரை அழைத்து வருமாறு சைகையாற் கூறுகின்றார். அவள் திரும்பிச் செல்கின்றாள். அவமதித்தவர் எவரும் அங்கில்லை. ஆயினும் அவமதிக்கப்பட்ட ஒருத்தி பேருந்து நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கின்றாள்.

இந்நிலையை விளங்கிக்கொள்ள மலைநாட்டிலே வங்கி வந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். கோப்பிச் செய்கை நோயினால் அழிந்துகொண்டிருந்த காலத்திலே, 1884ஆம் ஆண்டில், ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டத்துரைமாருக்குப் பெருங்கடன் வழங்கி வந்த வங்கி அது. அதன் தாள்களே நாட்டின் நாணயத் தாள்களாகப் பெரிதும் புழங்கின. தேசாதிபதி ஆதர் கோடனின் அரசாங்கம் அத்தாள்களுக்குப் பொறுப்பேற்றமையாற் பெருங்குழப்பம் ஒருவாறு தவிர்க்கப்பட்டது. நம்பிக்கையை விற்கும் நிறுவனம் தானே நம்பிக்கை தவறிய சந்தர்ப்பம் அது எனலாம். நான்கு ஆண்டுகளின் பின், 1888இல், ஹட்டன் நகரிலேயே வங்கியொன்று தோன்றியது. கோப்பிக்குப் பதிலாகத் தேயிலை பரவிக்கொண்டிருந்த அக்காலத்திலே தோட்ட முதலாளிகளின் தேவைக்காக இரு வெள்ளையர் அதனை நிறுவினர். சம்பளப் பணம் வங்கியிலிருந்து தோட்டத்துக்கு வந்தது. தோட்டத்திலிருந்து தொழிலாளி வங்கிக்குப் போவான் என்று அன்று எவரும் எண்ணியிருக்கவில்லை, தொழிலாளியும் எண்ணியிருக்கமாட்டான்.

எனினும் அத்தொழிலாளி கடன்முறைக்குப் புறம்பானவனாக இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அவனது வாழ்வே கடனிலேதான் தொடங்கியது. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து புறப்படுவதற்குக் கங்காணி கொடுத்த முன்பணம் அவன் தலைமேற் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குச் செல்வதாயின் அக்கடன் தீர்க்கப்படல் வேண்டும். கடன் தீர்ந்தால் இத்தொழிலாளரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. அச்சீட்டைக் காட்டி அடுத்த தோட்டத்திலிருந்து பணம் பெறப்பட்டது. மலையகத் தொழிலாளியின் பெயர் எழுதப்பட்ட முதல் நிதிப்பத்திரம் இத்துண்டுதான் என்று கூறினும் பிழையாகாது. அதிலே அவன் கடன் பெறுபவனாகத் தோன்றவில்லை. கடனுக்கு ஈடாகவே தோன்றினான். அவனது உடலுழைப்பை நம்பி ஆயிரக்கணக்கான ரூபாய்கள் கைமாறின. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒழித்தது நன்றே. ஆனால் ஈடாக இருந்த நிலை நீங்கியபோது நம்பத்தக்க ஆளாகும் நிலை அவனுக்குத் தானாக வந்து சேரவில்லை. பிறர் கடன் வாங்குவதற்கு அவன் போதுமானவனாக இருந்தான்; தானே கடன் கேட்டபோது ஈடு எங்கே என்று கேட்கப்பட்டான்.

வங்கியிற் பாகுபாடு என்னும் முறைப்பாடு இந்நாட்டிலே மலையக மக்களோடு தொடங்கியதன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்திலே பிரித்தானிய வங்கிகள் தம்மை நம்ப மறுக்கின்றன என்று இலங்கை வணிகரும் நிலவுடைமையாளரும் குறைபட்டனர். அவ்வங்கிகள் ஐரோப்பியரின் ஏற்றுமதி இறக்குமதி வாணிகத்துக்கே பெரிதும் பயன்பட்டன. சுதேசிகள் செட்டிமாரிடம் கூடிய வட்டிக்குக் கடன் பெற வேண்டியிருந்தது. சேர் சொராப்ஜி பொச்சுக்கானாவாலாவின் தலைமையில் 1934ஆம் ஆண்டில் அமைந்த வங்கி ஆணைக்குழு இக்குறைகளை ஆராய்ந்தது. அதன் பயனாகவே 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1961இல் அவ்வங்கி அரசுடைமையாக்கப்பட்டதும் அதே ஆண்டில் மக்கள் வங்கி தோன்றியதும் இந்நோக்கின் தொடர்ச்சியே. சுதேசிகளுக்கு நம்பிக்கை மறுக்கப்படுதல் அநீதி என்ற உணர்விலே தோன்றியது தேசிய வங்கித்துறை. ஆனால் சுதேசி யார் என்ற வரையறை அதற்குள் மாறிவிட்டிருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையினதோ, தந்தைவழிப் பாட்டன் பூட்டனினதோ பிறப்பை இலங்கையிலே நிரூபிக்குமாறு கேட்டது. பிறப்புப் பதிவு சீராக நிகழாத தலைமுறையொன்றின் பேரப்பிள்ளைகளிடம் இச்சான்று கேட்கப்பட்டது. சுமார் ஏழு இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பது ஏற்பாடு. அவ்வொப்பந்தத்திலே, நாடு திரும்பும் குடும்பமொன்று தன்னுடன் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படும் உடைமையின் உச்சவரம்பு நாலாயிரம் ரூபாய்க்குக் குறைக்கப்படலாகாது என்றொரு வாசகமும் இடம்பெற்றது. இருந்தவரை எவரும் கணக்கெடுக்காத சேமிப்பு, போகும்போது இரு அரசுகளின் கவனத்துக்கு உரியதாயிற்று. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அட்டை குடிமக்களுக்கு உரியது. குடியுரிமை இல்லாதவருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாதவருக்கு வங்கியின் வாயிலும் திறப்பதரிது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களினூடாக நாடற்ற நிலை படிப்படியாக நீங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் எடுத்த அந்நீக்கம் காகிதத்தில் முடிந்ததே தவிர, அதன் நிழல் அட்டைகளிலும் சான்றிதழ்களிலும் பெயரெழுத்துக்களிலும் நீடிக்கின்றது.

இவ்வரலாற்றிலே அறவியல் நோக்கிலே சிந்தனைக்குரிய ஆவணம் 1953ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகம் வழங்கிய கோடகன் பிள்ளை வழக்குத் தீர்ப்பாகும். ஒரு சமூகத்தவரை மட்டும் தகைமையீனத்துக்கு உள்ளாக்கும் சட்டத்தைச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. குடியுரிமைச் சட்டம் அத்தகையதே என்பது வாதம். தன் குடிமக்கள் யாவர் எனத் தீர்மானிப்பது அரசொன்றின் இயல்பான உரிமை என்று கூறிக் கோமறைக் கழகம் வாதத்தை நிராகரித்தது. சட்டத்தின் வாசகத்திலே எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. அது எல்லோரிடமும் ஒரே சான்றைத்தான் கேட்டது. சிலரால் மட்டும் அச்சான்றைக் காட்ட இயலவில்லை. கருமபீடத்தில் இன்று நிகழ்வதும் இதன் சிற்றுருவமே. விதி பொதுவானது, தடுக்கி விழுவோர் மட்டும் பெரும்பாலும் ஒரே லயத்திலிருந்து வருகின்றனர்.

நடுவுநிலைமையைப் பேசவந்த திருவள்ளுவர் துலாக்கோலை உவமையாகக் கொண்டார். தான் முதலிற் சமமாக நின்று, பின்னர் தன்னில் வைத்ததை நிறுப்பது துலாக்கோலின் பண்பு. இவ்வுவமையின் முன்பாதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். வைத்ததைச் சரியாக நிறுத்தேன் என்று கோல் கூறுவது போதாது. வைக்குமுன் அதன் நா நடுவில் நின்றதா என்பதும் வினாவே. நிலப்பத்திரமும் தனிமுகவரியும் தடையற்ற பதிவுகளும் உடைய சமூகமொன்றை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்ட விதி, எவரும் கருமபீடத்துக்கு வருமுன்னரே ஒருபக்கம் சாய்ந்து நிற்கின்றது. அதன்பின் எவ்வளவு நேர்மையாக நிறுத்தாலும் நிறை பிழைபடவே செய்யும். ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1971ஆம் ஆண்டில் கிரிக்ஸ் வழக்கிலே இதனைச் சட்டக் கோட்பாடாகவே ஏற்றுக்கொண்டது. மின்சக்திக் கம்பனியொன்று தொழிலுயர்வுக்குப் பாடசாலைச் சான்றிதழையும் எழுத்துச் சோதனையையும் எல்லோரிடமும் ஒருபடியாகக் கேட்டது. தரங்குறைந்த பாடசாலைகளிலே தனிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பினத்தவரே அதனால் விலக்கப்பட்டனர். வடிவிலே நடுநிலையான விதி செயலிலே பாகுபாடாக அமையுமாயின், தொழிலுக்கு அவ்விதி உண்மையில் அவசியமானது எனக் காட்டும் பொறுப்பு விதியை விதித்தவரையே சாரும் என்பது தீர்ப்பின் சாரம். ஈண்டு நிரூபிக்கும் கடமை இடம் மாறியமையே முக்கியமானது. 1953இல் அது தொழிலாளியின் தோளில் இருந்தது.

இதற்கு வங்கியின் தரப்பிலே வலுவான மறுமொழி உண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. வங்கியின் கையிலுள்ள பணம் பிறருடையது. பெயரை உறுதி செய்யாமல் ஒருவருக்குக் கணக்குத் திறந்தால் மோசடிக்கு இடமுண்டு. 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடற் சட்டமும் அதன்கீழ் 2016இல் வந்த விதிகளும் வாடிக்கையாளரை இனங்காணுமாறு வங்கியைக் கட்டாயப்படுத்துகின்றன. கருமபீடத்து இளைஞர் விதியை மீறினால் தண்டனை அவருக்கே. அன்றியும், இரக்கம் மேலிட்டு ஒருவருக்கு விதியைத் தளர்த்துபவர், வெறுப்பு மேலிட்டு வேறொருவருக்கு அதனை இறுக்கவும் கூடும். விதியின் இறுக்கமே எளியோருக்குப் பாதுகாப்பு என்று வாதிட இடமுண்டு.

அரிஸ்டோட்டில் இவ்விடர்ப்பாட்டை அறிந்திருந்தார். பொதுவிதி எல்லாச் சந்தர்ப்பங்களுக்கும் பொருந்தாதென்றும், பொருந்தாவிடத்து அதனைத் திருத்தும் நியாயவுணர்வு நீதியின் ஒரு கூறே என்றும் அவர் கூறினார். லெஸ்பொஸ் தீவிலே கட்டடக்காரர் பயன்படுத்திய ஈய அளவுகோலை அவர் உதாரணமாக எடுத்தாள்கின்றார். ஈயக்கோல் கல்லின் வடிவத்துக்கேற்ப வளையும். அழகிய உவமைதான். ஆனால் மலையகத்தின் வரலாற்றையறிந்தவர் இதனைத் தயக்கத்துடனேயே ஏற்பர். தோட்டத்திலே அளவுகோல் எப்போதும் ஈயமாகத்தான் இருந்தது. வளைத்தவர் துரை. லீவும் முன்பணமும் காம்பராவும் சிபாரிசுக் கடிதமும் அவருடைய தயவிற் கிடைத்தன. தயவை இழந்தவருக்குக் கிடைக்கவில்லை. அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தையே தோட்டவாசியாயின் தோட்ட அத்தியட்சகர் சான்றுப்படுத்தும் ஏற்பாடு இருந்துவந்துள்ளது. ஏனைய கிராமங்களிலே அரசின் அலுவலர் செய்யும் வேலையைத் தோட்டத்திலே முதலாளியின் பிரதிநிதி செய்வதால், ஒருவன் யார் என்பதே அவன் எங்கு வேலை செய்கின்றான் என்பதிலே தங்கிநிற்கின்றது. இத்தகைய மக்களுக்கு முகாமையாளரின் பெருந்தன்மை தீர்வாகாது. ஒரு துரையின் இடத்திலே இன்னொரு துரை வந்து அமர்வதே அதன் பயனாகும். வளைய வேண்டியது கருமபீடத்தில் இருப்பவரின் மனம் அன்று. விதியை ஆக்குபவரின் மேசையிலுள்ள அளவுகோல். அதாவது, லயத்தில் வாழ்பவர் எவ்வாறு முகவரியைக் காட்டலாம் என்பது தயவாக அன்றி விதியாகவே எழுதப்பட வேண்டும்.

முகவரி என்பது சிறிய விடயம்போலத் தோன்றும். தோட்டங்களிலே கடிதங்கள் நீண்டகாலமாகத் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து, அங்கிருந்தே லயங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்தபின் கையிற் கிடைத்த கதையைக் கேள்விப்படாத படித்த இளைஞர் மலையகத்தில் அரியர். வங்கிக் கடிதமும் அவ்வழியே வரவேண்டியதாயிற்று. தான் வாழும் இடத்துக்குத் தானே உரிமையாளன் அல்லாதவன், அவ்விடத்திலே வாழ்கின்றான் என்பதைக்கூடத் தன் பெயரால் நிரூபிக்க முடியாதவனாகின்றான். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தாலே தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992இன் பின் அவற்றின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. உரிமை கைமாறிய ஒவ்வொரு தடவையும் லயமும் கைமாறியது. லயத்தில் வாழ்ந்தவரின் கைக்கு மட்டும் பெரும்பாலும் வந்து சேரவில்லை. காணி இல்லையேல் ஈடு இல்லை. ஈடு இல்லையேல் பெருங்கடன் இல்லை. இப்பகுதியைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததே.

மொழியைப் பற்றியோ சற்று விரித்துரைத்தல் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசுவோர். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வங்கிகளின் வாடிக்கையாளர் சாசனத்தை மத்திய வங்கி 2011இல் பிறப்பித்தது. நிதி நுகர்வோரைப் பாதுகாக்கும் ஒழுங்குவிதிகள் 2023இல் வந்தன. ஏட்டளவிலே இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் மொழி தெரியாத கருமபீடத்திலே வாடிக்கையாளர் இழப்பது வசதியை மட்டும் என்று கருதுவது தவறு. வாடிக்கையாளரின் விவகாரங்களை இரகசியமாகப் பேணுதல் வங்கியின் கடமை என்பது 1924ஆம் ஆண்டின் டூர்னியர் வழக்கு முதல் ஆங்கிலச் சட்டம் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. தெரிந்தவரை அழைத்து வா என்னும் ஒரு சொல்லாலே அவ்விரகசியம் முழுவதும் கரைந்துவிடுகின்றது. யாரை அழைப்பது? கடைக்காரரை அழைத்தால் கடைப்பற்று நிலுவையில் இருக்கும்போது கையிலே இவ்வளவு இருந்ததா என்பார். அயற்காம்பராப் பையனை அழைத்தால் மாலைக்குள் லயம் முழுவதும் அறியும். கணவனை அழைக்க வேண்டியிருப்பின், கணக்கைத் தொடங்குவதன் நோக்கமே சிதைந்துவிடலாம். தோட்டங்களிலே பெண்ணின் சம்பளத்தை ஆணே சென்று பெறும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. தன் பெயரில் ஒரு புத்தகம் இருத்தல், அதிலுள்ள தொகையைத் தான் மட்டும் அறிந்திருத்தல் என்பன அப்பெண்ணுக்கு வெறும் சேமிப்பாக மட்டும் இருப்பதில்லை. மகளின் படிப்பு அதிலே அடங்கியிருக்கலாம். அடிக்கும் கைக்கு எட்டாத ஓரிடமாகவும் அது இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரைத் தேடச் சொல்பவர் இவை எவற்றையும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். எண்ணிப்பார்க்க வேண்டிய தேவை அவருக்கு ஒருபோதும் நேர்ந்ததில்லை. பிறருக்கு ஏற்படும் இழப்பை அறியாதிருக்கும் வசதி பெரும்பான்மையினருக்கு எங்கும் கிடைக்கும் ஒரு சலுகை. யாழ்ப்பாணத்தவரும் கொழும்புத் தமிழரும் தோட்டத்தவரிடம் பேசும் தோரணையிலே இச்சலுகையைத் தாமும் அனுபவித்ததுண்டு என்பதை மறைத்தல் தகாது.

இன்னுமொரு கோணம் உண்டு. வைப்புச் செய்பவருக்கும் வங்கிக்கும் உள்ள உறவு யாது என்பதனைப் பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1848ஆம் ஆண்டிலே போலே எதிர் ஹில் என்னும் வழக்கிலே தெளிவாக்கியது. வைப்பிலிட்ட பணம் வங்கியின் பணமாகிவிடுகின்றது; வங்கி வைப்பாளருக்குக் கடனாளியாகின்றது. ஆகவே சட்டத்தின் கண்ணிலே, மடித்த தாள்களைச் சேலை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கருமபீடத்தில் வைக்கும் பெண்ணே கடன் கொடுப்பவள். கண்ணாடிக்கு அப்பால் உள்ள நிறுவனம் கடன் வாங்குவது. நம்புபவள் அவள். நம்பப்படுவது வங்கி. இவ்வாறிருக்க, தன்னை நிரூபிக்கும் சுமை முழுவதும் அவள்மீதே விழுகின்றது. 1884இலே கதவடைத்த வங்கியிடம் அதற்கு முன்னர் எத்தொழிலாளியும் அடையாளச் சான்று கேட்டதில்லை. பணத்தைத் தருபவர் தலைகுனிந்தும் பெறுபவர் தலைநிமிர்ந்தும் நிற்கும் விந்தை, பழக்கத்தினால் இயல்பாகத் தோன்றுகின்றது. ஒருவகையில் இது தோட்டத்து உறவின் தொடர்ச்சியே. அங்கும் உழைப்பை முன்கூட்டியே கடனாகக் கொடுத்து மாத முடிவிலே கூலியைப் பெறுபவர் தொழிலாளி, கடன்பட்டிருப்பது தோட்டம். ஆயினும் பெரட்டுக்களத்திலே கைகட்டி நின்றவர் யார் என்பது தெரிந்ததே.

அடகுப் பிரிவிலே மட்டும் இவ்விறுக்கம் குறைந்து காணப்படும். ஒரு சோடித் தோட்டைக் கொண்டு செல்பவரிடம் நிலப்பத்திரமும் பிணையாளும் கேட்கப்படுவதில்லை. தங்கம் பேசுகின்றது, உரைகல் மொழிபெயர்க்கின்றது. தீபாவளிக்கு முன்னும் பாடசாலைத் தவணை தொடங்கும்போதும் அவ்வரிசை நீளுவது இயல்பு. வங்கி அங்கே நம்புவது பொருளை. அதனைக் கொண்டுவந்த ஆளை அன்று. துண்டுக் காலத்திலே ஆளே பொருளாக நின்றான். பின்னர் பொருள் இருக்கும்வரை ஆள் ஏற்கப்பட்டான். பொருளோடு ஒட்டாத தனி ஆளாக நம்பப்படுதல் என்னும் மூன்றாம் படியே கடினமாக உள்ளது. வங்கி மறுத்தவரை நம்புவதாகக் கூறிக்கொண்டு லயத்து வாயிலுக்கே வந்த நுண்கடன் நிறுவனங்கள் வாராந்தத் தவணையிலே அந்நம்பிக்கைக்கு என்ன விலை வாங்கின என்பதைப் பல பெண்கள் அறிவர்.

உரிமையைக் கோரி வழக்காடலாமே எனின், அங்கும் சில முடிச்சுகள் உள. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லா ஆட்களும் சமம் என்கின்றது. ஆனால் இனம், மதம், மொழி முதலிய காரணங்களாற் பாகுபாடு காட்டலாகாது எனக் கூறும் இரண்டாம் பந்தி குடிமக்களையே குறித்தது. அது எழுதப்பட்ட நாளில் மலையகத்திலே பல்லாயிரவர் குடிமக்களாக இருக்கவில்லை. மூன்றாம் பந்தி கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் களியாட்ட இடங்கள், தத்தம் மதத்து வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்குச் செல்வதிலே எவருக்கும் தடை கூடாதென்கின்றது. வங்கி என்னும் சொல் அப்பட்டியலில் இல்லை. தேநீர்க் கடையிலே தனிக்குவளை வைத்தலாகாது என்பது எளிதிற் புலப்படும் அநீதி. அங்கே குவளையை நீட்டிய கையைச் சுட்டிக்காட்ட முடியும். படிவத்தைச் சுட்டிக்காட்டி இது என்னை அவமதித்தது என்று முறையிடுவது எங்ஙனம்? முறையிடச் செல்வதற்கும் ஒரு பேர் இழக்கப்பட வேண்டும் என்பது வேறு.

அப்படியாயின் கருமபீடத்து இளைஞருக்குப் பொறுப்பே இல்லையா? அவர் விதியை ஆக்கவில்லை என்பது உண்மை. அதனை மாற்றவும் அவரால் இயலாது. எனினும் விதி சொல்லாத பல அவர் கையில் உள்ளன. நிற்பவரை இருக்கச் சொல்லலாம் என்று எந்தச் சுற்றறிக்கையும் தடுப்பதில்லை. ஆண்டுக்கணக்காக ஒரே நகரில் வேலை செய்பவர் அங்கு வருவோரின் மொழியிலே இருபது சொற்களையேனும் கற்றுக்கொள்வதற்கும் தடையில்லை. கற்ற பலர் இருக்கின்றனர், அவர்களின் கருமபீடத்துக்கு முன்னால் வரிசை நீண்டிருப்பதும் உண்டு. ஒரே வகையான ஆட்கள் ஒரே காரணத்துக்காகத் திரும்பிச் செல்வதை நாள்தோறும் காண்பவர் அவரே. மேலிடத்திலே விதியெழுதுபவர் அதனைக் காண்பதில்லை. கண்டதை மேலே எழுதியனுப்பாத மௌனத்துக்கு அவர் பொறுப்பாளி. மேலே எழுதப்பட்டதை வாசியாதிருப்பின் அதற்குப் பொறுப்பு வேறிடத்துக்குப் போய்விடுகின்றது. தீய எண்ணம் எங்கும் இல்லாத இடத்திலே பொறுப்பு இவ்வாறு சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றது. சிதறியிருப்பதனால் அதனை இல்லையென்று கூற முடியாது, சேர்த்தெடுப்பதுதான் வருத்தம்.

இவற்றின் முழு வடிவத்தையும் காணக்கூடிய நாள் தொழிலாளி ஓய்வுபெறும் நாளாகும். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியிலே அவளது பெயரிற் சேர்ந்த பணத்தை ஐம்பது வயதின் பின் பெண்ணொருத்தி மீளப்பெறலாம். அதனைப் பெற வங்கிக் கணக்கு வேண்டும். பதிவுகளிலே பெயர் ஒத்திருக்க வேண்டும். பிறந்தபோது தோட்டத்திலிருந்து அறிவிக்கப்பட்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர் ஒன்று. செக்ரோலிலே கணக்கப்பிள்ளை கேட்டபடி எழுதிய பெயர் ஒன்று. அடையாள அட்டையிலே சிங்கள எழுத்தினூடாக வந்து சேர்ந்த பெயர் இன்னொன்று. லெட்சுமி, லட்சுமி, இலட்சுமி ஆகிய மூவரும் ஒருத்தியே என்பதை அத்தாட்சிப்படுத்துவதற்குச் சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மலையிலே, ஒரே இலக்கத்தின்கீழ் நாள்தோறும் பேர் பதியப்பட்ட பெண், நகரத்திலே தட்டச்சுக்காரரின் மேசையருகே நின்று, தான் தானே என்று எழுதப்படும் வாசகத்தை எவரேனும் வாசித்து விளக்கும்வரை காத்திருந்து, இடது பெருவிரலில் மையைத் தடவிக்கொள்கின்றாள்.